வசந்தகால உல்லாசப் பயணமும் உடைப்பெட்டியும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது தமிழ் மக்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. ஒருவரைப் பிறர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை ஆடை தீர்மானிக்கின்றது என்ற பொருளிலேயே அது பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. ஆயினும் அதற்கு வேறொரு பொருளும் கொள்ளலாம். உடுத்தியவர் எவ்வளவு சுகமாக இருக்கின்றார் என்பதிலும் பாதிப் பங்கு ஆடைக்கே உரியது. கோயிலுக்குச் செல்பவர் வேட்டியையும், கலியாண வீட்டுக்குச் செல்பவர் பட்டையும், வயலுக்குச் செல்பவர் பழைய சாரத்தையும் தெரிந்தெடுக்கின்றனர். எந்த இடத்துக்கு எது தகும் என்பதைப் பல தலைமுறைகளின் பழக்கம் கற்பித்திருக்கின்றது. பழக்கம் கற்பிக்காத புதிய இடமொன்றுக்குக் குடும்பத்தோடு செல்ல நேரும்போதுதான், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுப்பது என்று மயங்க வேண்டியதாகின்றது.

அத்தகைய புதிய இடங்களுள் ஒன்று, தீம் பார்க் எனப்படும் பெரும் கேளிக்கைப் பூங்கா. ஊஞ்சலும் சறுக்கு மரமும் உள்ள நகரசபைப் பூங்காவை இதனோடு ஒப்பிடுதல் இயலாது. இது ஒரு சிறு நகரத்தை ஒத்தது. மலையும் ஆறும் கோட்டையும் கடைத்தெருவும் செயற்கையாக அமைக்கப்பட்டு, காலையிலிருந்து நள்ளிரவை அண்டும் வரையில் ஆயிரக்கணக்கானோர் நடந்துகொண்டும் வரிசையில் நின்றுகொண்டும் இருக்கும் இடம். அங்கே செல்லும் குடும்பம் தன் நாளின் பெரும்பகுதியை வெட்டவெளியிற் கழிக்கின்றது. ஆகவே அந்நாள் இனிதாக அமைவதும் அமையாததும், முதல் நாள் இரவு வீட்டிலே பெட்டி அடுக்கியபோதே பாதி தீர்மானமாகிவிடுகின்றது.

இவ்வுண்மையை உலகம் கற்ற நாள் ஒன்று உண்டு. 1955 ஆம் ஆண்டு யூலை மாதம் 17 ஆம் திகதி, கலிபோர்னியா மாநிலத்தின் அனகைம் நகரில் டிஸ்னிலாண்ட் என்னும் பூங்கா திறந்து வைக்கப்பட்டது. அன்று வெப்பம் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ். விழாவுக்கு வந்த விருந்தினர் பலர் விழாவுக்குரிய கோலத்திலேயே வந்திருந்தனர். ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும், பெண்கள் குதியுயர்ந்த சப்பாத்தும் அணிந்திருந்தனர். அவசரமாக இடப்பட்ட தார் இன்னும் இறுகவில்லை. வெயிலில் அது இளக, பெண்களின் சப்பாத்துக் குதிகள் தாரிற் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களும் போதிய அளவில் இயங்கவில்லை. அழைப்பின்றி வந்தோரும் பெருந்தொகையினர். அன்றைய குழப்பத்துக்குக் காரணங்கள் பல. எனினும் விழாவுக்கென உடுத்தியவர்கள் வெயிலுக்கென உடுத்தவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று.

அதன்பின் 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி, அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில், வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பன்மடங்கு பெரிய பூங்கா திறக்கப்பட்டது. இதன் நிலப்பரப்பு ஏறத்தாழ நூறு சதுர கிலோமீற்றர். இன்று ஒர்லாண்டோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வேறு பல பூங்காக்களும் உள்ளன. வசந்தகாலத்தில், அதாவது மார்ச், ஏப்பிரல் மாதங்களில், பாடசாலை விடுமுறையை ஒட்டி அங்கே குடும்பங்கள் திரள்கின்றன. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உள. இலங்கையிலிருந்து சென்று கனடாவின் ரொறன்ரோ நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு, ஒன்ராறியோ மாகாணப் பாடசாலைகளின் ஒரு வார விடுமுறை மார்ச் நடுப்பகுதியில் வருகின்றது. ரொறன்ரோவில் அப்பொழுதும் பனி முற்றாகக் கரைந்திராது. வெப்பநிலை பூச்சியப் பாகையை அண்டியே நிற்கும். அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரம் விமானத்திற் பறந்து ஒர்லாண்டோவில் இறங்கினால் நண்பகல் வெப்பம் 26 பாகை. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சென்றிருக்கும் அம்மம்மாவும் இப்பயணத்தில் உடன் செல்வதுண்டு.

இப்பயணம் எளிதில் வாய்ப்பதொன்றன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அதிற் செலவாகின்றது. நாளொன்றுக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை. காலைப் பத்து மணிக்கே பிள்ளையின் குதிக்காலில் கொப்புளம் எழுந்துவிட்டால், அல்லது நண்பகலில் அம்மம்மாவுக்குத் தலைசுற்றிவிட்டால், அந்நாள் முழுக்குடும்பத்துக்கும் வீணாகின்றது. எத்தனையோ நாள் எதிர்பார்த்திருந்த பிள்ளை அழுதுகொண்டு விடுதிக்குத் திரும்புகின்றது. ஒரு சோடி காலுறையில் இவ்வளவும் தங்கியிருக்கின்றது என்றால் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் உண்மை அதுவே.

ஆதலின் பெட்டி அடுக்குவதற்கு இரண்டு அடிப்படை விதிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. முதலாவது, உடைகளை நாட்கணக்கில் எண்ணாமல் மணிக்கணக்கில் எண்ணுதல். ஐந்து நாட்பயணத்துக்கு ஐந்து உடை என்பதே பலரின் கணக்கு. ஆனால் ஒரே நாளில் விடியற்காலைக் குளிர், நண்பகல் வெயில், நீர்விளையாட்டின் ஈரம், குளிரூட்டப்பட்ட மண்டபம், இரவுக் காற்று என ஐந்து வேறு வேறு நிலைகள் வருகின்றன. இரண்டாவது, குடும்பத்தில் யார் மிக விரைவில் வருந்துவாரோ அவருக்கென முதலில் அடுக்குதல். தந்தையால் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வெயிலை நான்கு வயதுப் பிள்ளையால் தாங்க முடியாது. சிறுவரின் உடல் நிறைக்கு அவர்களின் தோற்பரப்பு மிகுதி. ஆகவே புறவெப்பம் அவர்களை விரைவிற் பற்றுகின்றது. முதியோருக்குத் தாகவுணர்ச்சி குன்றியிருப்பதால் உடல் வறண்டபின்பே அவர்கள் அதனை அறிகின்றனர். குடும்பம் நடக்கும் வேகம் அதன் மெல்லிய அங்கத்தவரின் வேகமே என்பதை மறத்தல் ஆகாது.

முதலில் வெப்பத்தைக் கவனிப்போமாயின், மனித உடல் தன்னைத் தானே குளிர்விக்கும் வழி வியர்வையாகும். வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கின்றது. எனவே நல்ல உடை காற்றை உள்ளே விட்டு வியர்வையை வெளியே போகவிட வேண்டும். பருத்தி தன் நிறையில் ஏறத்தாழ 8 வீதம் அளவுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று வைத்திருக்கும் இயல்புடையது. பொலியெஸ்ரர் எனும் செயற்கை இழை அரை வீதத்தைக் கூட ஏற்பதில்லை. ஆகவே நிழலில் அமர்ந்திருப்பவருக்குப் பருத்தி இதமானது. ஆனால் அப்பருத்தி வியர்வையாலோ நீராலோ நன்றாக நனைந்துவிட்டால் உலர்வதற்கு நெடுநேரம் எடுக்கும். செயற்கை இழையோ விரைவில் உலரும். மெல்ல நடக்கும் முதியோருக்கு மெல்லிய பருத்தியும் லினனும், ஓடித்திரியும் பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்த துணியும் தகுந்தவை எனலாம். ஜீன்ஸ் எனும் தடித்த காற்சட்டையைப் பூங்கா நாட்களில் தவிர்ப்பதே நலம். நனைந்த ஜீன்ஸ் மாலைவரை உலராது; தொடையையும் உராயும்.

எந்த இழையால் நெய்யப்பட்டது என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்வி எழலாம். உடையின் உட்புறத்திற் தைத்திருக்கும் சிறு துண்டை வாசித்தாற் போதும். இழைகளின் பெயரையும் வீதத்தையும் குறிப்பிடுதல் கட்டாயம் என அமெரிக்காவில் 1958 இல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சிறு துண்டில், இலங்கையில் தைக்கப்பட்டது என்ற சொற்களும் பல வேளைகளிற் காணப்படும். கட்டுநாயக்காவில் 1978 இல் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த காலந்தொட்டு, இந்நாட்டு இளம் பெண்கள் தைத்த சட்டைகள் அமெரிக்கக் கடைகளில் தொங்கி வருகின்றன. புளோரிடாவில் ஒரு பிள்ளை அணிந்தோடும் காற்சட்டை, அதன் அம்மம்மா பிறந்த நாட்டில் தைக்கப்பட்டதாக இருத்தல் கூடும்.

வெப்பநாட்டுத் துணிகளைப் பற்றிக் கூறும்போது கீழைத்தேயம் மேலைத்தேயத்துக்கு வழங்கிய இரு துணிகளைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. ஒன்று சியர்சக்கர். பாலும் சர்க்கரையும் எனப் பொருள்படும் பாரசீகச் சொற்களிலிருந்து பிறந்தது இப்பெயர். பால்போல் வழுவழுப்பான கோடும் சர்க்கரைபோற் சொரசொரப்பான கோடும் மாறி மாறி வருவதால் இப்பெயர் அமைந்தது. சுருங்கிய கோடுகள் துணியை உடலோடு ஒட்டவிடாமல் தூக்கி நிறுத்த, இடையிற் காற்று உலாவுகின்றது. மேலும் இதனைப் பெட்டியில் எப்படி மடித்து வைத்தாலும் கசங்கியது தெரியாது; அழுத்துப்பெட்டி வேண்டியதில்லை. மற்றையது, சென்னையின் பழைய பெயரையே தாங்கி நிற்கும் மதராஸ் எனும் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணி. 1960 களில் அமெரிக்க இளைஞரிடையே இது பெரிதும் விரும்பப்பட்டது. அக்காலத்துச் சாயங்கள் ஒவ்வொரு சலவையிலும் சற்றே கரைந்து ஒன்றோடொன்று கலந்தன. அக்குறையையே வணிகர் சிறப்பாக விளம்பரஞ் செய்து விற்றனர். குடும்பத்தோடு பயணஞ் செய்வோருக்கு இவ்வரலாறு ஒரு பாடமும் தருகின்றது. புதிதாக வாங்கிய சாயத் துணி எதனையும் வீட்டில் ஒரு தடவை தனியே துவைத்த பின்பே பெட்டியில் வைத்தல் வேண்டும். அன்றேல் முதல் வியர்வையிலேயே அண்ணனின் சிவப்புச் சட்டை தங்கையின் வெள்ளைச் சட்டையில் தன் அடையாளத்தை விட்டுவிடும்.

அடுத்தது வெயில். வெப்பம் வேறு, வெயில் வேறு. காற்று இதமாக வீசும் வசந்தகால நாளிலே தோல் கருகுவதை ஒருவரும் உணர்வதில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்களின் வலிமையை அளக்கும் சுட்டெண் 3 ஐ எட்டியவுடனேயே காப்புத் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மத்திய புளோரிடாவில் ஏப்பிரல் நண்பகலில் அது 8 ஐத் தாண்டுவது வழக்கம். தோலின் நிறம் கறுப்பாயினும் காப்பு வேண்டியதே. துணி எவ்வளவு காக்கும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதற்கான முதல் நியமத்தை அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996 இல் வகுத்தன. காப்பெண் 50 உடைய துணி, படும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மாத்திரமே உள்ளே விடுகின்றது. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் காப்பெண்ணோ ஏறத்தாழ 5 தான். நனைந்தால் அதுவும் குறைந்துவிடும். வெள்ளை உடையே வெயிலுக்குச் சிறந்தது என்ற பொதுநம்பிக்கை இதனால் முழு உண்மையன்று என்பது புலனாகும். வெப்பத்துக்கு வெள்ளை நல்லது. கதிருக்கு நெருக்கமான நெசவும் ஆழ்ந்த நிறமும் நல்லவை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இதனை எவரும் சோதிக்கலாம். வெளிச்சம் தாராளமாக ஊடுருவுமாயின் கதிரும் ஊடுருவும். நெருங்க நெய்த, தளர்வான, முழுக்கைச் சட்டை ஒன்று ஒவ்வொருவருக்கும் இருத்தல் நன்று.

தொப்பியிலும் கவனம் வேண்டும். முன்புறம் மாத்திரம் நீண்டிருக்கும் தொப்பி நெற்றியைக் காக்குமேயன்றிக் காதையும் பிடரியையும் காப்பதில்லை. சுற்றிலும் ஏழு எட்டுச் சென்ரிமீற்றர் அகலமான விளிம்புடைய, மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய துணித்தொப்பியே ஏற்றது. விரைவாக ஓடும் ஊர்திகளில் ஏறுமுன் தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்குமாதலால், மடிக்க முடியாத தொப்பி சுமையாகிவிடும்.

மூன்றாவது நீர். பூங்காக்களிற் பார்வையாளரை வேண்டுமென்றே நனைக்கும் ஊர்திகள் உண்டு. டிஸ்னி வேர்ல்டின் விலங்குப் பூங்காவில் 1999 இல் திறக்கப்பட்ட காளி நதிப் படகுச் சவாரி அவற்றுள் ஒன்று. அதில் ஏறி இறங்கும் குடும்பத்தாரிற் சிலர் தெறித்த நீரோடு தப்பலாம். சிலர் தலைமுதற் கால்வரை நனைவர். யார் நனைவார் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை. ஆகையால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மாற்றுடை, உள்ளாடையும் காலுறையும் உட்பட, இறுக மூடக்கூடிய பொலித்தீன் பையொன்றில் இட்டு, அன்றன்று கொண்டு செல்லும் தோட்பையில் வைத்தல் வேண்டும். உலர்ந்ததை எடுத்தபின் ஈரமானதை அதே பையில் இட்டுவிடலாம். தடித்த துவாய்க்குப் பதிலாக, விரைவில் உலரும் மெல்லிய துவாயொன்று போதும். இலங்கையிலிருந்து சென்ற அம்மம்மாவின் பழைய கைத்தறித் துவாய் இதற்கு மிகவும் பொருந்தும்.

நீர்ப்பூங்காவுக்கு எனத் தனியே செல்வோர், நீச்சலுடையில் உலோகப் பொத்தான், ஆணி, வளையம் எதுவும் வெளியே தெரியாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சறுக்குப் பாதைகளைக் கீறிவிடும் என்பதால் அத்தகைய உடைகள் அனுமதிக்கப்படுவதில்லை. வாயிலில் இதனை அறிந்து வருந்துவதிலும் வீட்டிலேயே அறிதல் நன்று. பிள்ளைகளின் நீச்சலுடையின் நிறமும் முக்கியமானது. வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். பளிச்சென்ற செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் மேலிருந்து பார்க்கும் தாயின் கண்ணுக்கு உடனே புலப்படும். பிள்ளையின் உயிர்க்காப்போடு தொடர்புடைய இதனை அழகுக் கேள்வியாக மட்டும் கருதுதல் தவறு.

நான்காவது கால். இப்பூங்காக்களில் ஒரு நாளிற் பத்துக் கிலோமீற்றரும் அதற்கு மேலும் நடப்பது சாதாரணம். 1982 இல் திறக்கப்பட்ட எப்கொட் பூங்காவில், ஏரியைச் சுற்றிப் பல நாடுகளின் மண்டபங்கள் அமைந்திருக்கும் வீதியை ஒரு முறை சுற்றிவரவே ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் ஆகும். பயணத்துக்கெனப் புதுச் சப்பாத்து வாங்கிப் பெட்டியில் வைத்து, அங்கே போய் முதன்முதல் அணிவது பெருந்தவறு. கொப்புளம் என்பது உராய்வு, ஈரம், சூடு ஆகிய மூன்றும் சேர்ந்து பிறப்பிப்பது. புதுச் சப்பாத்து உராய்வைத் தருகின்றது; பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கி ஈரத்தைத் தருகின்றது; நடை சூட்டைத் தருகின்றது. எனவே இரண்டு வாரங்களுக்கு முன்பே சப்பாத்தை வாங்கி, வீட்டிலும் வீதியிலும் அணிந்து பழக்க வேண்டும். வளரும் பிள்ளையின் சப்பாத்து சென்ற மாதம் சரியாக இருந்தது என்று நம்பிவிடாமல், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் உள்ளதா என அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சோடி பாதணிகள் இருந்தால், ஒன்று நனைந்தாலும் மற்றது உதவும். ஈரத்தை வெளியேற்றும் காலுறைகளை நாளொன்றுக்கு இரண்டு சோடி வீதம் கணக்கிட்டு, நண்பகலில் மாற்றிக்கொள்ளுதல் களைத்த காலுக்குப் புத்துயிர் தரும். வீட்டிலணியும் இரப்பர்ச் செருப்பு விடுதியறைக்கும் நீச்சற்குளத்துக்கும் மட்டுமே உரியது, நெடுநடைக்கு ஆகாது.

ஐந்தாவது குளிர். வெப்பநாட்டுக்குச் செல்கின்றோம் என்ற எண்ணத்திற் பலரும் மறப்பது இதுவே. மார்ச் மாதத்தில் ஒர்லாண்டோவின் விடியற்காலை வெப்பநிலை சராசரி 14 பாகை அளவில் நிற்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் அதற்கும் கீழே செல்லும். புளோரிடாவின் குளிர் பற்றி அங்கே ஒரு பழங்கதையும் வழங்குகின்றது. ஒர்லாண்டோவுக்குத் தெற்கே வின்ரர் ஹேவன் என்னும் ஊரில் 1936 இல் திறக்கப்பட்ட சைப்பிரஸ் கார்டன்ஸ் என்ற பூந்தோட்டத்தின் வாயிலிலிருந்த செடிகள், 1940 இல் உறைபனியிற் கருகிவிட்டன. கருகிய செடிகளைக் கண்டு விருந்தினர் திரும்பிவிடாதிருக்க, உரிமையாளரின் மனைவியார் பணிப்பெண்களுக்கு அகன்று விரிந்த பழங்காலப் பாவாடைகளை உடுத்தி, செடிகளை மறைத்து நிற்கச் செய்தாராம். அக்கோலமே பின்னர் அத்தோட்டத்தின் அடையாளமாயிற்று. அவ்விடத்திற் பின்னர் 2011 இல் லெகோலாண்ட் எனும் சிறுவர் பூங்கா திறக்கப்பட்டது. பூவையும் கருக்கிய குளிர், மெல்லிய சட்டையோடு நிற்கும் பிள்ளையை விட்டுவிடுமா?

இரவிலும் விடியலிலும் மட்டுமன்றி நடுப்பகலிலும் குளிர் தாக்குவதுண்டு. வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிரூட்டப்பட்ட மண்டபத்துள் நுழையும்போது, ஈரம் விரைந்து ஆவியாகி உடற்சூட்டைப் பறிக்கின்றது. இதற்குத் தடித்த கம்பளிச் சட்டை தேவையில்லை. மேலே மேலே அணியக்கூடிய மெல்லிய உடைகள் சில இருந்தாற் போதும். இரண்டு மெல்லிய துணிகளுக்கிடையே அகப்படும் காற்று ஒரு தடித்த துணியளவு சூட்டைக் காக்கும். முன்புறம் திறந்து மூடக்கூடிய இலேசான மேற்சட்டை ஒன்றும், சுருட்டினால் கைக்குள் அடங்கும் மழை அங்கி ஒன்றும் ஒவ்வொருவருக்கும் போதுமானவை. புளோரிடாவின் பெருமழைக்காலம் மே இறுதியிலோ யூன் மாதத்திலோதான் தொடங்குகின்றதெனினும், வசந்தத்திலும் இடையிடையே மழை வருவதுண்டு. நெரிசலான இடத்திற் குடை விரிப்பது பிறர் கண்ணுக்கு ஆபத்து. மழை அங்கியே மேலானது.

இனி, உடையின் ஒழுங்கு பற்றியும் சில கூறல் வேண்டும். டிஸ்னிப் பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கதாபாத்திரங்களைப் போல வேடமணிந்து வருதல் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. பார்வையாளரைப் பூங்காவின் நடிகரென்று பிள்ளைகள் மயங்கக்கூடாது என்பதே நோக்கம். சிறு பிள்ளைகள் இளவரசி வேடம் அணியலாம். ஆயினும் பளபளக்கும் செயற்கைத் துணியாலான அவ்வுடை வெயிலில் பிள்ளையை வேகவைத்துவிடும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிவித்து, ஒரு மணி நேரம் ஆசைதீர உடுத்திப் படம் எடுத்தபின் கழற்றிவிட்டால் ஆசையும் நிறைவேறும், உடலும் நோகாது.

நிலத்தில் இழுபடும் உடையும் காற்றிற் பறக்கும் சால்வையும் ஊர்திகளுக்கு ஒவ்வாதவை. புகழ்பெற்ற நடனமாது இசடோரா டங்கன் 1927 இல் பிரான்சின் நீஸ் நகரில் உயிரிழந்தது, அவர் அணிந்திருந்த நீண்ட கழுத்துத்துணி மோட்டார் வண்டியின் சில்லிற் சிக்கியதனாலேயே. சேலையன்றி வேறொன்றும் அணிந்தறியாத அம்மம்மாவை இதற்காகக் காற்சட்டைக்கு மாற வற்புறுத்துதல் அவசியமன்று. மெல்லிய பருத்திச் சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்குமாறு உடுத்தி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, ஊசி குத்திக்கொண்டால் நடப்பதற்கு இடைஞ்சல் இராது. படிகளேறி இறங்க வேண்டிய ஊர்திகளில் ஏற விரும்பினால் பஞ்சாபி உடை வசதியானது. அதன் துப்பட்டாவை மாத்திரம் பையில் வைத்துவிட வேண்டும். சேலையின் கீழ் வெறுஞ்செருப்புக்குப் பதிலாகக் காலுறையும் இலேசான சப்பாத்தும் அணிவதிற் கூச்சங் கொள்ளவேண்டியதில்லை.

கூட்டத்திற் பிள்ளை பிரிந்துவிடுதல் பெற்றோரின் பேரச்சம். இங்கும் உடை துணைசெய்கின்றது. குடும்பத்தார் அனைவரும் ஒரே நிறச் சட்டை அணிந்து வருவதைப் பூங்காக்களிற் பரவலாகக் காணலாம். அது வேடிக்கைக்காக மட்டுமன்று. தூரத்திலிருந்தே ஒருவரையொருவர் கண்டுகொள்ள உதவுகின்றது. காலையிற் புறப்படுமுன் பிள்ளையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், பதற்றத்தில் அன்று அணிந்திருந்த உடையின் நிறத்தை மறந்துவிட்டாலும் பணியாளரிடம் காட்டலாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் சட்டை உட்புறத்தில் எழுதி வைத்தலும் நல்ல வழக்கம். பெயரை வெளியே தெரியும்படி எழுதுதல் தகாது. பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைப் பிள்ளை எளிதில் நம்பிவிடும்.

இவையனைத்தையும் கேட்கும்போது பெட்டி பெரிதாகிவிடுமோ என்ற ஐயம் எழும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறில்லை. ஐந்து நாட்பயணத்தில் பெரியவர் ஒருவருக்கு நான்கு மேற்சட்டைகள், இரண்டு காற்சட்டைகள் அல்லது பாவாடைகள், ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு மேற்சட்டை, ஒரு நீச்சலுடை, ஓர் இரவுடை, ஆறு உள்ளாடைகள், எட்டுச் சோடி காலுறைகள், ஒரு தொப்பி, ஒரு மழை அங்கி, இரண்டு சோடி பாதணிகள் போதும். தங்குவிடுதிகள் பலவற்றிற் சலவைப் பொறிகள் உள்ளன. மூன்றாம் நாள் இரவு ஒரு தடவை துவைத்தால் எஞ்சிய நாட்களுக்குக் குறைவிராது. பிள்ளைகளுக்கு மாத்திரம் நாளொன்றுக்கு ஒரு மாற்றுடை மிகுதியாக வைக்கலாம். ரொறன்ரோவிலிருந்து அணிந்து வந்த குளிர்காலக் கனத்த மேலங்கியை விமான நிலையம்வரை வந்த உறவினரிடமே கொடுத்துவிடுதல் இன்னும் நல்லது. ஒரு நாள் இரவு விருந்தொன்றில் அணியலாம் என்று எடுத்துவைக்கும் பட்டும், அதற்கேற்ற குதியுயர்ந்த சப்பாத்தும் பெரும்பாலும் மடிப்புக் கலையாமலே வீடு திரும்புகின்றன.

பெட்டியின் பாரத்தைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது, அதனை அடுக்குபவரின் பாரம். எல்லாருக்கும் எல்லாம் எடுத்துவைத்து, ஒன்றை மறந்துவிட்டால் எல்லாராலும் கடியப்படுபவர் பெரும்பாலும் தாயே. அவர் புறப்படுமுன்பே களைத்துவிடுகின்றார். பூங்காவிலும் தோட்பையைச் சுமப்பவர் அவராகவே இருக்கின்றார். உல்லாசப் பயணம் அவருக்கும் உரியதன்றோ? ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, நாலு சட்டை, எட்டுச் சோடி காலுறை எனத் தானே எண்ணி வைக்கச் சொல்லலாம். தாய் பின்னர் ஒரு தடவை பார்த்தாற் போதும். தான் அடுக்கிய பையைத் தானே சுமக்கும் பிள்ளை, வேண்டாத பொருளைத் திணிக்க மாட்டாது. தந்தை தம் உடையைத் தாமே அடுக்குவதோடு தோட்பையையும் தம் தோளில் ஏற்றுக்கொண்டால், குடும்பத்தின் வேகம் தானே கூடும்.

உடல் வருந்தும்போதுதான் உடையின் நினைவு வருகின்றது. கழுத்தை அறுக்கும் பட்டி, காலைக் கடிக்கும் சப்பாத்து, முதுகில் ஒட்டும் ஈரச்சட்டை, இவை ஒவ்வொன்றும் ஒரு கணமேனும் கண்முன் உள்ள காட்சியிலிருந்து மனத்தைப் பிரித்துத் தம்பால் இழுக்கின்றன. அணிந்திருப்பதே மறந்துபோகும் உடைதான் இத்தகைய பயணத்துக்குத் தகுந்த உடை. இரவு வானில் வாணங்கள் பூத்து விரியும் வேளையில், பிள்ளை தகப்பனின் தோளிலிருந்து வாய்திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மம்மா மேற்சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு காலை நீட்டி அமர்ந்திருக்க, தாயின் கை வெறுமையாக இருக்குமாயின், அன்று பெட்டி அடுக்கியவர்கள் தம் வேலையைச் செவ்வனே செய்திருக்கின்றனர் எனக் கொள்ளலாம்.